பிளேடின் முதுகில் இருந்த கோடுகள்

எங்கள் அனல்மின் நிலையத்தில் அந்த வருட ஓவர்ஹாலுக்கு, அதாவது பிரித்துப் போட்டுப் பழுதுபார்க்க, டர்பைனைத் திறந்தபோது நான் கொதித்துக்கொண்டிருந்தேன். வாங்குகிற நீராவிக்கு ஏற்ற மின்சாரத்தை மெஷின் கொடுக்கவில்லை. பிளேடு தேய்ந்துவிட்டது என்றார் மேலதிகாரி. இல்லை, இரண்டு பிளேடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் ஆவி சுழன்று வீணாகிறது என்றேன் நான். "புஸ்தகத்த மூடி வச்சிட்டு ஸ்பேனரை எடுங்க தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் சொன்னது ஒன்றும் மாயவித்தை இல்லை. டம்ளரில் டீயைக் கலக்கிப் பாருங்கள், அடியில் கிடக்கும் தூள் ஓரத்துக்கு ஓடாமல் நடுவில் வந்து கூடும். அடியை ஒட்டியிருக்கும் டீ மெதுவாகச் சுற்றுவதால் உள்ளே இழுபடுகிறது. பிளேடுச் சந்திலும் அதேதான். மேல்சுவரையும் கீழ்ச்சுவரையும் ஒட்டி வரும் ஆவி நேரே போகாமல், பக்கத்துப் பிளேடின் முதுகுக்கு இழுபட்டுச் சுருண்டுகொள்ளும். சுருண்ட ஆவி உருப்படியாக வேலை செய்யாது.

பிளேடு தேய்த்துச் சுத்தம் செய்ய ஒரு கான்ட்ராக்ட் ஆள் இருந்தான். உள்ளூர்க்காரன். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு, இரண்டு பெண் குழந்தைகள். என்னைவிட மூத்தவன், அப்போதும் அவன் என்றேன், இப்போதும் நாக்கு அப்படியே போகிறது. எட்டு வருடமாக பெர்மனென்ட் ஆகக் காத்திருந்தான். அதற்கான சிபாரிசுப் பட்டியலை எழுதுவது நான். உன் பேர்தான் முதலில் என்று என் வாயாலேயே சொல்லியிருந்தேன்.

"எல்லா வரிசையும் கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்று காலையில் அவனுக்கு உத்தரவு போட்டேன். மத்தியானம் குனிந்து பார்த்தால், மூன்றாம் வரிசைப் பிளேடுகளின் முதுகில் வெள்ளையாக உப்புக் கோடுகள். இரண்டு ஓரத்திலிருந்தும் கிளம்பி நடுவை நோக்கி வளைந்து ஏறியிருந்தன. ஆவி சுருண்டு போன தடம்! மேலதிகாரி மூஞ்சியில் விட்டெறிய ஒரு போட்டோ போதும். கேமரா இரவல் வாங்க குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். வாங்கிவிட்டு, சாப்பிட்டு, ஃபேனுக்கடியில் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அந்த வரிசையைத் தொடாதே என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரவில்லை.

திரும்பியபோது மணி நாலு. ஒரு கோடு மிச்சமில்லை.

"சோறுகூட துன்னாம தேச்சிகினே இருந்தேன் சார். மூஞ்சி தெரியுது பாருங்க" என்றான்.

"அடப்பாவி, அந்தக் கோடுதாண்டா எனக்கு வேணும்! என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே!"

"நீங்கதானுங்களே கண்ணாடி மாரி வேணும்னீங்க?"

அது உண்மை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பட்டியலில் அவன் பெயருக்கு நேராக 'சொன்ன பேச்சைக் கேட்பதில்லை' என்று எழுதி அனுப்பினேன். அன்று சாயங்காலம் கிளப்பில் நன்றாகச் சீட்டாடினேன்.

இரண்டு வருடம் கழித்து அடுத்த ஓவர்ஹால். அவன் இன்னும் கான்ட்ராக்ட்தான். மூடியைத் தூக்கிய அன்றே என் ஆபீஸுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"இந்தத் தபா ஒருத்தரையும் கை வைக்க வுடல சார். கோடு அப்படியே இருக்குதுங்க."

போய்ப் பார்த்தேன். தன் துண்டால் அந்த வரிசையை மூடி வைத்திருந்தான். விலக்கினால், நான் தேடிய கோடுகள் அத்தனையும் இருந்தன. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"இப்பவாச்சும் எம் பேர எழுதுவீங்களா சார்? வூட்டுக்காரரு காலி பண்ணச் சொல்லிகினே இருக்காரு. குவார்ட்டர்ஸ் கெடச்சா பொண்ணுங்கள வச்சிகினு நிம்மதியா இருப்பேன்."

பெர்மனென்டுக்கு உண்டான வயது வரம்பை அவன் முந்தின வருடமே தாண்டிவிட்டான். ஆபீஸ் பலகையில் இங்கிலீஷில் ஒட்டியிருந்த சர்க்குலர் அது. அவனுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்திருந்தேன். சொன்னால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். எனக்கோ வெளிச்சம் காட்ட ஆள் வேண்டியிருந்தது.

"பாக்கலாம். லைட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடி" என்றேன்.