சூசைமுத்துவின் கமலைப் பாட்டு

கமலை இறைக்கிற மாடுகள் சரிவில் இறங்கத் தொடங்கியதும் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சூசைமுத்து முதல் அடியைப் பாடுகிறார். கிணற்றுக்குள்ளிருந்து சால் ஏறி வந்து தொட்டியில் தண்ணீரைக் கொட்டுகிறது. மாடுகள் பின்னால் நடந்து மேடேறும்போது இரண்டாவது அடி.

“வாரால் அடித்தார்கள் வள்ளலை அம்மா – முதுகு
வாய்க்கால்போல் பிளந்ததே வந்துபாரம்மா.”

இரண்டாவது அடி அகப்படாவிட்டால் மாடுகள் சரிவின் அடியிலேயே நின்று அசைபோடும். சால் மேலேயே தொங்கும். மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப்போடும். பெரிய வெள்ளிக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் சூசைமுத்துவின் தோட்டமும் அவரோடு சேர்ந்து ஒருசந்தி விரதம் இருக்கிறது என்று எங்கள் ஊரில் கேலி பேசுகிறார்கள்.

கம்பத்துக்குக் கிழக்கே நாற்பது வேதக்காரக் குடும்பங்கள் உள்ள சிற்றூர் எங்களுடையது. நான் கோவில் பள்ளிக்கூடத்து வாத்தியார். சூசைமுத்துவுக்கு எழுத்து தெரியாது. பாட்டு கிடைத்ததும் சேற்றுக் காலோடு பள்ளிக்கூடத்துக்குள் வந்து நின்று, “மறக்குறதுக்குள்ள எழுதிக்கிடுங்க வாத்தியாரே” என்பார். பிள்ளைகளின் வாய்ப்பாடு அந்தரத்தில் நிற்கும். சேசுநாதர் பட்ட பாடுகளை இப்படியே மூன்று வருஷமாகக் கட்டியிருக்கிறார். இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை அதைக் கோவிலில் பாடிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

அவருடைய பாட்டில் பிலாத்து பெரியகுளம் தாசில்தாரைப் போலக் கூடாரம் அடித்துக்கொண்டு விசாரணை நடத்துகிறான். சேவகர்கள் தோளில் தவாலிப் பட்டை போட்டிருக்கிறார்கள். கல்வாரி மலைக்குப் போகிற வழியில் கள்ளிச்செடி இருக்கிறது. யூதாசுக்கு மட்டும் எதுகையும் கிடையாது, மோனையும் கிடையாது. தவறிப்போயிற்றோ என்று நான் திருத்தப் போனேன். அந்தப் பயலுக்கு அதெல்லாம் எதற்கு என்று தடுத்துவிட்டார்.

அவர் மனைவி மதலேனாளுக்கு ஒரு குறை இருந்தது. தன் பேர்கொண்ட அர்ச்சியசிஷ்டம்மாளான மகதலா மரியாளுக்குப் பாட்டில் இரண்டே கண்ணி ஒதுக்கியிருந்தார் இவர். சிலுவையைச் சுமக்க உதவிய சீமோனுக்கோ பன்னிரண்டு. மூன்று நாள் கஞ்சியில் உப்பு விழவில்லை. நான்காம் நாள் அந்த மரியாளுக்குப் பத்தொன்பது கண்ணி ஆயிற்று. கஞ்சியும் சரியாயிற்று.

கிணற்றில் பங்குள்ளவர் வீரணன். அவர் மாதாகோவில்காரர் அல்ல, அய்யனாரைக் கும்பிடுகிறவர். சூசைமுத்துவின் முறை முடிந்தால்தான் அவர் மாடு கட்ட முடியும். தினமும் வந்து வரப்பில் குந்திக்கொண்டு, “என்னண்ணே, பிலாத்து இன்னும் கையைக் கழுவலையா?” என்று கேட்பார். பிலாத்து கை கழுவ ஒன்பது நாள் பிடித்தது.

தபசின் கடைசி வாரத்தில் பங்குச் சாமியார் குதிரையில் வந்தார். பிரெஞ்சு தேசத்தவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், ஆகையால் எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார். பாட்டு முழுவதையும் நான் வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டார். கூடாரத்துக்குச் சிரித்தார். கள்ளிச்செடியை ஒன்றும் சொல்லவில்லை. சிலுவையில் தொங்குகிற சேசுநாதர் தாகம் என்று கேட்கிற கண்ணி வந்தது.

“தாகமென்றாரம்மா தாங்காத நேரம் – ஒருவன்
தண்ணீர்கொண்டோடினான் தலைதெறிக்கத் தானே.”

சாமியார் கண்ணைத் திறந்தார். “சூசைமுத்து, அவ்வேளையில் ஒருவரும் தண்ணீர் கொடுக்கவில்லை. புளித்த காடியைக் கொடுத்தார்கள்.”

“அது அவுக ஊர்ல சாமி” என்றார் சூசைமுத்து.

சாமியார் கோபக்காரர் அல்ல. ஆனால் வேதத்தில் உள்ளபடி பாடுவதானால் பாடலாம், இல்லாவிட்டால் வழக்கம்போலப் பழைய புத்தகத்தையே வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு சொல்லை மாற்றுவதில் என்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து கமலையில் பாட்டு இல்லை. மாடுகள் நிற்காமல் நடந்தன, தண்ணீர் நிற்காமல் பாய்ந்தது. மூன்றே நாளில் மிளகாய்த் தோட்டம் பச்சைப்பசேல் என்று நிமிர்ந்துவிட்டது. அதைப் பார்த்து மதலேனாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தன் புருஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது, போய் விசாரியுங்கள் என்று என்னை விரட்டினாள்.

கிணற்று மேட்டில் நான் காடியைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவர் மாட்டை நிறுத்தினார்.

“தாது வருசப் பஞ்சத்துல இங்கனதான் ஒரு வழிப்போக்கர் வந்து தண்ணி கேட்டாரு. கெணத்துல அடிச்சேறுதான் கெடந்துச்சு. கலயத்துல இருந்தது மாட்டுக்கு வேணும்னு, இல்லைன்னுட்டேன். அவரு திரும்பி நடந்தாரு. அங்கன அந்தப் புளியமரம் வரைக்கும் போனாரு. அதுக்கு மேல போகலை.”

பஞ்சம் வந்து போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் அந்தப் புளியமரத்தைப் பார்த்தேன்.

“பாட்டுல ஓடுறவன் நாந்தான் வாத்தியாரே. அதையும் அடிச்சிட்டா நான் எப்ப ஓடுறது?”

இலக்கணம் படித்தவன் என்ற கர்வம் எனக்கு உண்டு. அன்றைக்கு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மாடுகள் இரண்டு நடை இறைத்து முடிக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன். பின்னாலேயே அவர் குரல் வந்தது. காடி என்றே எழுதிக்கொள்ளும்படி சொன்னார். வேதம் வேதம்தானே என்றார்.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோவில் கொள்ளாத கூட்டம். சூசைமுத்து வெளுத்த வேட்டியில், மாடில்லாமல் எப்படிப் பாடுவதென்று தெரியாமல், இரண்டடி முன்னும் இரண்டடி பின்னுமாக நடந்துகொண்டே பாடினார். சாமியாருக்கு அது விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது, சிரிப்பை அடக்கினோம். வாரடி வந்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மகதலா மரியாளின் பத்தொன்பதாவது கண்ணியில் மதலேனாளின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. தாகத்துக்கு வந்தபோது நான் கையிலிருந்த தாளைக் கசக்கிவிட்டேன். அவரோ குரல் பிசகாமல் காடி என்றே பாடினார். சாமியார் தலையசைத்தார்.

பாட்டு முடிந்தது. சிலுவையிலிருந்து இறக்கிய சேசுநாதர் சுரூபத்தைப் பீடத்தின் முன்னால் தலையணையில் கிடத்தினார்கள். சனங்கள் முழங்காலில் நகர்ந்து போய்ப் பாதத்தை முத்தி செய்தார்கள். ஒவ்வொரு முத்தத்துக்கும் சாமியார் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சூசைமுத்துவைக் காணவில்லை. எல்லாரும் முடித்த பிறகு வாசல் பக்கமிருந்து வந்தார். இரண்டு கைகளையும் குவித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, முழங்காலில் மெள்ள மெள்ள நகர்ந்தார். செபம் செய்கிறார் என்றுதான் நினைத்தோம். அவர் போன வழியெல்லாம் தரை நனைந்திருந்தது.

பாதத்தருகே அவர் நிற்கவில்லை. தலைமாட்டுக்குப் போய்க் குனிந்து, குவித்த கைகளைப் பிரித்து, ஒழுகியது போக மிச்சமிருந்த இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீரை அந்த உதட்டில் விட்டார்.