பண்பொழிச் சாலைக் குளத்தில் ஒரு முழுச் சுற்று

மாசி மாதம், சனிக்கிழமை. காலை பத்தரை மணிக்குக் கோவில்பட்டியில் தென்காசி பஸ் ஏறினேன். சங்கரன்கோவில் வழி, எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். வீட்டில் இரண்டு கார் நிற்கிறது. ஆனாலும் பஸ்ஸில்தான் போவேன். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, இன்று ஆறு லாரிக்கு முதலாளியாக இருக்கிறவன் நான். சாலையை உயரத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் எனக்குப் பார்த்த மாதிரி இருக்கும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. புளியறை செக்போஸ்ட் தாண்டிக் கேரளாவுக்கு நான் ஓட்டிய லோடுகளைக் கணக்கெடுக்க எம்.ஏ. படித்தவன் வேண்டும்.

இந்த முறை போனது ஓடுவதற்கு. பண்பொழி போகிற சாலையில் ஒரு பெரிய குளத்தைப் பறவைகளுக்கென்று ஒதுக்கி, சுற்றிலும் ஓட்டப்பாதை போட்டிருக்கிறார்கள். அறுபத்தேழு வயதில் ஓட்டமா என்று சிரிக்க வேண்டாம். சர்க்கரை வந்தபோது என்னோடு நடக்க ஆரம்பித்தவர்கள் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நான் எட்டே மாதத்தில் ஓடத் தொடங்கிவிட்டேன்.

ஒரே தடங்கல் என் மகள் செல்வி. தென்காசியில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே டீச்சராக இருக்கிறாள். போன மாதம் நான் பைபாஸ் ஓரம் ஓடும்போது விழுந்து முழங்கால் வீங்கியதிலிருந்து, தினமும் போனில் ஒரே பேச்சு.

"எப்பா, அந்த ஷூவக் கழட்டி எங்கிட்ட குடுத்துருங்க. நடந்தாப் போதும்."

லாரி வாடகை பேசுகிற மாதிரி பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். குளத்தைச் சுற்றி முழுச் சுற்று, ஆறு கிலோமீட்டர். எங்கேயும் நிற்காமல் ஓடிவிட்டால், பங்குனியில் தென்காசியில் நடக்கிற பெரிய ஓட்டத்தில் நான் ஓடலாம். வழியில் ஒரு தடவை நின்றாலும் ஷூ அவளுக்கு. அதன்பிறகு ஓட்டம் என்ற பேச்சே கிடையாது. நடுவராக அவளுடைய மாமனார், என் சம்பந்தி சண்முகம். போலீசில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

சனி மாலை. சம்பந்தியோடு குற்றாலம் போனேன், ஐந்து கிலோமீட்டர். மாசியில் அருவி மெலிந்துதான் விழும். சீசனில் இடித்து நெருக்கிப் பத்து நிமிஷம் தலை காட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இப்போது வாருங்கள். மெயின் அருவியில் நானும் சம்பந்தியும் இன்னும் நாலு பேரும்தான். எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர் ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, முழங்காலப் பாத்தாலே தெரியுது. உக்காருங்க, நீவி விடுதேன்."

முந்நூறு ரூபாய். நீவி முடித்ததும் கால் எனக்கு இருபது வயசுக்காரனுடையது மாதிரி இருந்தது. திரும்பும் வழியில் சம்பந்தி செங்கோட்டைச் சாலைப் பக்கம் வண்டியைத் திருப்பி, "ஒரு பார்டர் பரோட்டா சாப்பிட்டுப் போவமா?" என்றார்.

"நாளைக்கு நான் ஓட வேண்டாமா?"

"அதுக்குத்தான கேக்கேன்" என்றார்.

தின்னாமல் வந்தேன். அந்தக் கோழிச் சால்னா வாசத்தைத் தாண்டி வந்தவனுக்கு ஆறு கிலோமீட்டர் ஒரு பொருட்டா?

ஞாயிறு காலை ஆறு மணி. குளத்தின் வாசலில் இறங்கினோம். மலையில் மேகம் இன்னும் கலையவில்லை. தண்ணீர் முழுக்கத் தாமரை இலை. அதன்மேல் ஒரு நீலக்கோழி, தன் சொந்த நிலத்தில் நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தது. ஓடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாம் என் பேரப்பிள்ளை வயசு. செல்வி ஃபிளாஸ்கோடு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எப்பா, மூச்சு வாங்கினா நின்னுருங்க. ஷூ போனாப் போவுது."

"ஷூ எங்கயும் போவாது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சம்பந்தி பின்னால் சைக்கிளில் வந்தார். சைக்கிள் மணியில் கைக்குட்டை சுற்றியிருந்தது. அந்த ஊர் வழக்கம் அது. குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களில் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகிற மாதங்களில் அங்கே யாரும் சத்தம் போடுவதில்லை. மாடு பத்துகிறவர்கூட நாக்கைச் சொடுக்குவதோடு சரி.

முதல் பாதி குளத்தின் மலைப் பக்கத்து ஓரமாகப் போகிறது. செம்மண் பாதை, நாணல், ஓடை நுழைகிற இடத்தில் ஒரு மரப்பாலம். சொல்லப்போனால் நான் பறந்தேன். உபரித் தண்ணீர் வழிகிற கலிங்கைத் தாண்டும்போது சம்பந்திக்குத்தான் மூச்சு வாங்கியது. அங்கிருந்து பாதை குளக்கரைமேல் ஏறுகிறது. இடது கைப்பக்கம் தண்ணீர், வலது கைப்பக்கம் வயல்.

ஏறிப் பார்த்தால் கரையை அடைத்துக்கொண்டு வாத்து. ஆயிரம் இருக்கும். அறுவடை முடிந்த வயல்களில் மேய்க்க லாரியில் கொண்டுவருவார்கள். நானே ஏற்றி வந்திருக்கிறேன். பின்னால் ஒரே ஒரு ஆள், கம்பு நுனியில் பிளாஸ்டிக் பை கட்டி, மெதுவாக அசைத்தபடி போனார்.

சம்பந்தி சைக்கிளிலிருந்து இறங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நில்லுங்க சம்பந்தி, வாத்து போவட்டும். இத நின்னதாச் சேக்க வேண்டாம். செல்விட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"நின்னா நின்னதுதான்" என்றேன். இருந்த இடத்திலேயே கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தேன். சலுகையில் ஜெயிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

வாத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். பெயர் ராஜன், கேரளாவில் குட்டநாட்டுக்காரர் என்று பிறகு தெரிந்தது. அவரும் கிசுகிசுத்தார். "அண்ணே, ஓடுறதுதானே? அந்த வயல் சைடுல ஓடுமோ? கூட வந்த ஆளுக்குக் காய்ச்சல், ரூம்ல கிடக்கான். கீழ அறுக்காத வயல். இதுக இறங்கினா பின்னே வயலுக்காரன் என்னெ விடில்லா."

கரைக்குக் கீழே பார்த்தேன். சுற்றிலும் அறுத்த வயலுக்கு நடுவில் ஒரு நீளத் துண்டு மட்டும் முற்றிய கதிரோடு நின்றது. ஓரத்து வாத்துகள் அதைப் பார்த்துக் கழுத்தை நீட்ட ஆரம்பித்திருந்தன.

மற்ற இடமாக இருந்தால் ஒரு அதட்டு போதும். என் தொண்டை லாரி ஹாரனுக்குச் சமம். இங்கே வாயைத் திறக்க முடியாது. காலால்தான் செய்ய வேண்டும். கரைச் சரிவில் இறங்கி, வயலோரமாக ஓடினேன். முன்னால் நாலு வாத்து சரிந்தால் அங்கே ஓட்டம். அதை ஏற்றிவிட்டுத் திரும்பினால் பின்னால் பத்து இறங்கும். உடனே பின்னோக்கி ஓட்டம். ஈரச் சேறு கணுக்கால் வரை. கையை அகல விரித்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு, மேலும் கீழுமாக எத்தனை நடை என்று எண்ணவில்லை. முழங்கால் ஒரு தடவை சுருக்கென்றது. ராஜன் அதைப் பார்த்துவிட்டு, "போதும் அண்ணே, இருந்துக்கோ" என்றார். அந்தக் கதிர்த்துண்டு முடிய இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. நான் உட்காரவில்லை.

மடை தாண்டியதும் அறுத்த வயல். ராஜன் நாக்கைச் சொடுக்கினார். ஆயிரம் வாத்தும் தண்ணீர் திறந்த மாதிரி கீழே இறங்கின. கதிரில் ஒரு நெல்மணி கூடக் குறையவில்லை. நான் அப்படியே ஓடி வாசலுக்கு வந்து, பெஞ்சைத் தொட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

என்னோடு கிளம்பிய பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கே போய்விட்டிருந்தார்கள். செல்வி என்னைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, அப்பா நின்னாகளா?"

சம்பந்தி சைக்கிளைச் சாய்த்து வைத்து, நெற்றியைத் துடைத்தார். கோர்ட்டில் சாட்சி சொல்கிற முகம். "நிக்கல. நான்தான் மூணு எடத்துல நின்னேன்."

அவள் என் காலடியில் உட்கார்ந்து ஷூக்களைக் கழற்றினாள். முழங்காலை அமுக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டு ஷூவையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். ஜெயித்தும் பிடுங்கிவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். வாசல் குழாயடியில் உட்கார்ந்து, ஷூவில் அப்பியிருந்த சேற்றையும் வாத்து எச்சத்தையும் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பங்குனி ஓட்டத்துக்கு இதப் போட்டுட்டு வராதீய. அடி தேஞ்சு போச்சு. புதுசு வாங்கணும்" என்றாள்.

மாலை மூன்று மணி பஸ்ஸில் கிளம்பினேன். எங்கள் ஊரில் ஓடினால் பைபாஸ் புழுதி, ஹாரன், நாய். வழியில் ஒருத்தன் கூட உதவி கேட்க மாட்டான். இங்கே ஒரு குளத்தைச் சுற்றினேன், ஒரு வெள்ளாமையைக் காப்பாற்றினேன். ஆறு கிலோமீட்டர் என்று பலகையில் போட்டிருக்கிறது. நான் ஓடியது பத்துக்குக் குறையாது.

ஷூ முழுதாகக் காயவில்லை. பையில் போட்டு மடியில் வைத்திருந்தேன். சுரண்டை தாண்டியதும் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்துப் பையைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வாத்து வாங்கிட்டுப் போறீயளா?"

"இல்ல. மேய்ச்சிட்டுப் போறேன்" என்றேன்.