தூசியென்று நான் அழித்த தழும்பு

போன செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து பிலோமினாவின் தங்கை அழைத்து, “அக்கா மோசம் போயிட்டா அண்ணே” என்று சாவுச் செய்தி சொன்னார். கொழும்பில், வெள்ளவத்தையில் என் போட்டோ ஸ்ரூடியோவுக்கு வந்துபோன உங்களுக்கு அவரைத் தெரியும். பதினொரு வருடம் ஸ்கானருக்கு முன்னால் இருந்தவர். “கெதியாச் செய்யும் பிலோ” என்று நான் அவசரப்படுத்திக் கத்தினால், “கெதி வேணுமெண்டா போட்டோக்கொப்பிக் கடைக்கு அனுப்புங்கோ” என்பார். பொல்லாத வாய். ஆனால் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

கறுப்பு வெள்ளை பிலிம் என்றால் சுருளைத் தடித்த புத்தகத்துக்குள் வைத்துத் தட்டையாக்கிய பிறகுதான் தொடுவார். கூர்மையை அளவுக்கு மிஞ்சிக் கூட்டமாட்டார். “கண் கூசுற கூர்மை பொய் அண்ணே. கறுப்புக்குள்ள எத்தினை கறுப்பு இருக்கு, அதைப் பாருங்கோ.” எனக்கோ அதெல்லாம் மினக்கேடு. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அனுப்பும் படங்களில் பெண்ணை வெளுப்பாக்கி, பருவை அழித்துப் பழகிய கை என்னுடையது.

சண்டைக் காலம். கிருலப்பனையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஓர் அம்மா ஒற்றைக் கறுப்பு வெள்ளை நெகடிவ்வுடன் வந்தார். மகனைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று மாதம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. முகாம் முகாமாகக் காட்டப் படம் வேண்டும். பிலோ சாப்பிடப் போயிருந்ததால் நானே செய்தேன். தூசியைத் தானாக எடுக்கும் பொத்தானை அமத்தினேன், கூர்மையைக் கூட்டினேன், முகத்தையும் வெளுப்பாக்கினேன். “வடிவாயிருக்கு தம்பி” என்று அம்மா வாங்கிக்கொண்டார்.

அந்நேரம் உள்ளே வந்த பிலோ நெகடிவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அம்மா, பிள்ளைக்குப் புருவத்தில வெட்டுக்காயமோ?”

“ஓம் பிள்ளை. சின்னனில கிணத்துக்கட்டில விழுந்தவன்.”

என் படத்தில் புருவம் முழுதாக இருந்தது.

“கறுப்பு வெள்ளையில அந்தப் பொத்தானைத் தொடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? மெசினுக்குத்தான் தூசியும் தழும்பும் ஒண்டு. உங்களுக்குமோ?” வாடிக்கையாளருக்கு முன்னாலேயே ஏசினார். பின்னேரம் முழுக்க இருந்து ஒவ்வொரு புள்ளியாகத் தூசியைக் கையால் எடுத்தார். பொடியனின் சொந்தக் கறுப்பு வந்தது, தழும்பும் வந்தது. “ஐயோ, என்ரை ராசா” என்று அம்மா திரையைத் தடவினார்.

ஒரு மாதத்தால் திரும்பி வந்தார். ஒரு முகாமில் வேறு பெயரில் பதிந்து வைத்திருந்தவனைத் தழும்பை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாம். உயிரோடு பார்த்துக் கதைத்துவிட்டு வந்திருந்தார். என் இரண்டு கையையும் பிடித்து, “நீங்கள் நூறு வயசு இருக்கவேணும் தம்பி” என்று அழுதார். பக்கத்தில் நின்ற பிலோ வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

“ஏன் பேசாமல் நிண்டனீர்?” என்று பிறகு கேட்டேன். “மகனைக் கண்ட சந்தோசத்தில நிக்கிற மனிசியிட்ட, பிழையான ஆளின்ரை கையைப் பிடிச்சிட்டியள் எண்டு சொல்லவோ?” என்று சிரித்தார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது, அவருக்குச் சேரவேண்டிய அந்த ஆசீர்வாதம்தான். எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. பிலோவுக்கு ஐம்பத்தாறு.