செல்வி கேட்ட சைபர்

அபிராமபுரம் வீட்டில் என் மகள் x² = 5x என்ற கணக்கில் இரண்டு பக்கமும் ஒரு x-ஐ அடித்துவிட்டு, "விடை அஞ்சும்மா" என்றாள். பேனா கீறிய அந்தச் சத்தத்தில் நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

அன்று கரும்பலகையில் நானும் அப்படித்தான் அடித்தேன். டீச்சர் 'சரி' போட்டார். கடைசி பெஞ்சிலிருந்து செல்வி எழுந்தாள். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வருபவள்.

"டீச்சர், சைபர் வெச்சாலும் ரெண்டு பக்கமும் சரியாத்தானே கீது? அத்த ஏன் வுட்டுட்டா?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றவர், தான் போட்ட 'சரி'யைப் புடவைத் தலைப்பாலேயே அழித்தார். முதல் ரேங்க்காரியான எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சைபர் வெச்சுப் பாத்தியா?" என்றேன் மகளிடம். வைத்துப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"எப்டிம்மா கண்டுபிடிச்ச?"

"நான் எங்கடி கண்டுபிடிச்சேன்? செல்வி."