ஏழாவது பாராவில் இருந்த பிரேக்

எங்கள் மேனேஜர் பொய் சொல்கிறார்.

வேன் டிரைவர் ஏகாம்பரம் பிரேக் கோளாறை ஆபீசுக்குத் தெரிவிக்கவே இல்லையாம். தெரிவித்தார். அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

வாரா வாரம் இந்தப் பத்தியில் ரேஷன் கடையையும் பஸ்ஸையும் திட்டுகிற இந்த ஆள் பகலில் என்ன செய்கிறான் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். தியாகராய நகரில் ஒரு மருந்து கம்பெனியில் ஹெட் கிளார்க். காகிதம் எழுதுவதுதான் பிழைப்பு.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை ஏகாம்பரம் என் மேஜைக்கு வந்தார்.

"சார், பிரேக்கு புடிக்க மாட்டேங்குது. அமுத்துனா பெடல் அப்டியே உள்ள பூடுது."

"மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். ரைட்டிங்ல குடுன்றாரு. எனக்கு இன்னா ரைட்டிங் தெரியும்? நீதான் எய்தணும்."

எழுதினேன். இங்கிலீஷில், ஒன்றரைப் பக்கம். எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் — மேலே போகிற காகிதத்தில் கெட்ட செய்தியை முதலில் சொல்லக் கூடாது. அதிகாரியை அதட்டுவது போல் ஆகிவிடுமாம். ஆகவே முதல் பாராவில் கம்பெனியின் தயாள குணம். இரண்டாவதில் ஏகாம்பரத்தின் பதினோரு வருஷ விசுவாசம். பிறகு வண்டியின் வயது, ஹாரன், வைப்பர், பின் டயர்... ஏழாவது பாராவில், 'பிரேக்கையும் தங்களுக்குச் சௌகரியப்படும்போது கவனிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

பிரேக்குக்கு ஏது சௌகரியம்? ஆனால் அன்று எனக்கு அது நல்ல இங்கிலீஷாகத் தெரிந்தது. இரண்டு தடவை படித்துச் சந்தோஷப்பட்டேன்.

ஏகாம்பரம் கேட்டதால் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"நா சொன்னது நாலு வார்த்த. நீ இன்னா சார், கல்யாணப் பத்திரிக மாதிரி எய்தினுகீறே. பிரேக்கு எங்க?"

"கடைசியில வருது."

"வண்டியும் அப்டித்தான். எல்லாம் தாண்டி கடைசியிலதான் நிக்குது."

சிரித்தோம். அரை மணியில் காகிதம் 'பார்த்தேன்' என்று மேனேஜரின் சிவப்புப் பென்சிலில் கையெழுத்தாகி ஃபைலுக்கு வந்துவிட்டது. வண்டியை யாரும் பார்க்கவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, லஸ் அருகே பஸ் ஸ்டாப்பில் கூட்டம். பெடல் உள்ளே போயிற்று, வண்டி நிற்கவில்லை. ஏகாம்பரம் ஸ்டியரிங்கை ஒடித்து ஒரு மதில் சுவரில் கொண்டுபோய் மோதினார். கூட்டத்தில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது.

மறுநாள் மேனேஜர் என்னையே மெமோ டைப் அடிக்கச் சொன்னார். கோளாறைத் தெரிவிக்காமல் வண்டி ஓட்டிய உன்னை ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது?

"ரிப்போர்ட் ஃபைல்ல இருக்கு சார்" என்றேன்.

"அதுவா? அது நன்றிக் கடுதாசிய்யா. ரிப்போர்ட் எங்கே?"

மெமோவை நானே ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். ஏகாம்பரம் இடது கையால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் எய்திகீது?"

சொன்னேன்.

காகிதத்தை மடியில் வைத்து வரிகளை விரலால் எண்ணினார். பிறகு, "மூணே வரிதான் கீது. என்னைத் தூக்கணும்னா மட்டும் எவ்ளோ சுருக்கா எய்துறீங்க" என்றார்.

மெமோவில் இருந்ததும் என் டைப்தான்.

ஆபீசில் ரிப்போர்ட் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் வரியில், எது கெட்டிருக்கிறது. இரண்டாவது வரியில், இன்றே என்ன செய்ய வேண்டும். கீழே கையெழுத்து. தமிழில் எழுதினால் குடி முழுகிவிடாது. 'வேனில் பிரேக் பிடிக்கவில்லை. சரி செய்யும்வரை ஓட்டக் கூடாது' — இவ்வளவுதான். ஏகாம்பரம் நின்றபடி சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் போதும். மரியாதையைக் காலையில் வணக்கம் சொல்லும்போது காட்டுங்கள்.

வருகிற திங்கட்கிழமை விசாரணை. பதினோரு வருஷ வேலை அன்றைக்குப் போகலாம். காகிதத்தின் கார்பன் காப்பியோடு நானும் போய் நிற்பேன். என் வேலைக்கும் ஆபத்து வரும். வரட்டும்.

என் தப்பை நான் இங்கே ஒப்புக்கொண்டாயிற்று. மேனேஜர் அவர்களே, சிவப்புப் பென்சிலால் கையெழுத்துப் போடுமுன் அந்த ஏழாவது பாராவைப் படித்தீர்களா, இல்லையா? திங்கட்கிழமைக்குள் ஊரறியச் சொல்லுங்கள்.

ஒரு வரி போதும். பணிவெல்லாம் வேண்டாம்.