தும்மக் கூடாத கடை

"தும்மல் வர்றவங்க இப்பவே வெளிய போயிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ரங்கெல் கடிகாரத்தின் முதுகைத் திறப்பான். திறந்த பிறகு அவனும் மூச்சை அடக்கிக்கொள்வான். முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தால், உள்ளே சேதம் அதிகம் என்று அர்த்தம்.

பிளோவ்திவ் நகரில் எங்கள் கட்டடத்தின் கீழே, காய்கறிக் கடைக்கு அடுத்த கதவு அவனுடையது. மேசை விளிம்பில் ஒரு துணியை மாட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டியிருப்பான். தவறும் திருகாணி அதில் விழவேண்டும் என்று ஏற்பாடு. திருகாணிக்கு அது தெரியாதே! தெறித்து ஓடும். கடையில் யார் இருந்தாலும் மண்டியிட்டுத் தேடவேண்டும். உருளைக்கிழங்கு வாங்கப் போன நான், ஒரு பல் டாக்டரோடு மேசைக்கடியில் தலை முட்டிக்கொண்டிருக்கிறேன். பாலாடைக்கட்டி வைத்த பானித்சாப் பலகாரத்தைக்கூட ரங்கெல் முள்கரண்டியால் குத்தித்தான் தின்பான். விரலில் எண்ணெய் படக்கூடாதாம். சட்டையில் படலாம் போலிருக்கிறது. அவன் மனைவி பாவம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விடமாட்டான்.

"எங்க கீழ போட்டீங்க?"

"தானா நின்னுபோச்சுப்பா."

"தானா நின்னதுக்கு ஏன் மண்டை உடைஞ்சிருக்கு?"

கல்லிலா, கம்பளத்திலா என்று உண்மை வரும்வரை தொடமாட்டான்.

வசந்தம்தான் அவனுக்கு அறுவடைக் காலம். எங்கள் ஊர் வழக்கப்படி மார்ச் முதல் தேதி சிவப்பும் வெள்ளையுமாக மணிக்கட்டில் நூல் கட்டிக்கொள்கிறோம். மரம் பூத்ததும் அவிழ்த்துக் கிளையில் கட்டுகிறோம். நூலுக்கு இடம் விட்டுக் கடிகார வாரைத் தளர்த்தி வைப்பார்கள். பிறகு நூலை அவிழ்க்கும் ஜோரில் கடிகாரத்தையும் உதிர்ப்பார்கள். வருஷா வருஷம் இதே கூத்து. ஒருவருக்கும் புத்தி வந்ததில்லை.

இந்த வருஷம் குளிர் விடவில்லை. பிளம் மரம் ஈஸ்டர் வாரத்தில்தான் பூத்தது. மூன்றாம் மாடி தீமோ, ரொட்டி வண்டி ஓட்டுபவர், உச்சிக் கிளையிலேயே நூலைக் கட்டுவேன் என்று கையை நீட்டினார். கடிகாரம் நடைபாதைக் கல்லில் விழுந்தது. அது அவர் மகன் வென்ட்சி ஜெர்மனியில் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. சனிக்கிழமை வென்ட்சி வருகிறான். வந்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்குமுன் மணிக்கட்டைத்தான் பார்ப்பான்.

ரங்கெல் திறந்தான். பீட்ரூட்.

"சக்கரத்து அச்சு ஒடிஞ்சிருக்கு, அது உக்கார்ற தட்டும் விரிசல் விட்டிருக்கு. இது தேறாது தீமோ அண்ணே. உள்ள ஓடுற இயந்திரத்தையே மொத்தமா மாத்தணும்."

"மாத்திட்டா அது எம் பையன் குடுத்ததாப்பா?"

"போன வருஷம் உங்களுக்கு இடுப்பு மூட்டை மாத்துனாங்களே, அதுக்கப்புறம் அவன் உங்களை அப்பான்னு கூப்பிடலியா?"

நான் சிரித்துவிட்டேன்.

"அக்கா, சிரிப்பும் தும்மல் கணக்குதான். வெளிய!"

உடைந்ததில் இருந்த அதே மாதிரி எண் பொறித்த இயந்திரம் தலைநகர் சோபியாவில் ஒரு நண்பனிடம் இருந்தது. தபாலை நம்பாத ரங்கெல், அதைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பச் சொன்னான். வெள்ளிக்கிழமை பேருந்து நிலையத்தில் காத்திருந்து, ஓட்டுநரின் சட்டைப் பையிலிருந்து தானே எடுத்துவந்தான். அன்றைக்கு அவன் கடைக் கதவு யாருக்கும் திறக்கவேயில்லை; உள்ளே வேலை நடந்தது.

சனிக்கிழமை ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் தோய்த்த சிவப்பு விரல்களோடு கீழே போனேன். பழைய கூடு, பழைய முகப்பு, புது உயிர். ரங்கெல் அதைத் தீமோவின் காதில் வைத்தான். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அதே சத்தம்டா!"

"அதே ஜாதிதானே, வேற எப்படிக் கூவும்? ஒடிஞ்சதை இந்த டப்பாவுல வெச்சிருக்கேன். பையன்கிட்ட காட்டுங்க. மறைச்சீங்கன்னா உங்க மூஞ்சியே காட்டிக்குடுத்துரும்."

"காட்டுறேன். திட்டுனா திட்டட்டும், அவன் வாய்தானே."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. "அப்பா!" என்று வென்ட்சியின் குரல்.

தீமோ அவசரமாகக் கடிகாரத்தைக் கையில் சுற்றினார். வாரின் துளை அகப்படவில்லை.

"ரொட்டி வண்டி ஓட்டுற கையா இது, ரொட்டி மாவா? மெதுவா, அவன் எங்கயும் ஓடிப்போக மாட்டான்" என்று திட்டிக்கொண்டே ரங்கெல் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, கொக்கி மாட்டும்வரை அந்த மணிக்கட்டுக்கு அடியில் ஏந்திக்கொண்டே நின்றான்.