மேட்டுக்கோழிக்காரி

முழங்கை வரை கையை இலைக்குவியலுக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவளின் முகம். "சரியாத்தான் வெச்சிருக்கான், கெட்டிக்காரப் பய" என்று கையை உருவிக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறாள். வெப்பமானி ஒன்று குவியலில் செருகியே இருக்கிறது. அதைப் பார்ப்பது வேலைக்கு. கையை விடுவது அவள் ஆசைக்கு.

அந்தக் கெட்டிக்காரன் இரண்டடி தள்ளி நின்று இவளை முறைக்கிறான். கறுத்த உடம்பு, முடியில்லாத சிவந்த தலை, மண்ணை வாரவென்றே அமைந்த கால்கள். பறக்கத் தெரிந்தும் தரையிலேயே காலம் தள்ளுகிற மழைக்காட்டுப் பறவை. இவள் நகர்ந்ததும் ஓடிவந்து, கை பட்ட இடத்தையே கிளறி மறுபடி மூடுகிறான். "பாருங்க, நான் தொட்டா தீட்டாம் தொரைக்கு!" என்று சிரிக்கிறாள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் உயிரியல் பூங்காவில் மேட்டுக்கோழிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதனால் சக ஊழியர்களுக்கு அவளே மேட்டுக்கோழிக்காரி. ஐம்பதை நெருங்குகிறாள். வாய் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது. கூண்டுக்கு இரண்டு கதவுகள். வெளிக்கதவைச் சாத்திய பிறகே உள்கதவைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பறவை கம்பி நீட்டிவிடும். ஒருமுறை என்னை உள்ளே அழைத்தபோது நான் மறந்து தொலைத்தேன். "பின்னாடி கதவ யாரு சாத்துவா, உங்க மாமியாரா?" என்று போட்டாள் ஒரு போடு. இந்த விஷயத்தில் அவளிடம் தயவு தாட்சண்யமே கிடையாது. ஊழியர்களில் பாதிப் பேர் அவளிடம் இதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

மேட்டுக்கோழி அடைகாப்பதில்லை. சேவல் சருகுகளை வாரிக் குவித்து மேடு கட்டுகிறது. இலை மக்க மக்கச் சூடு ஏறும். பெட்டை வந்து உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் எல்லாம் சேவலின் பாடு. அலகை உள்ளே விட்டுப் பார்த்து, சூடு கூடினால் சருகைத் தள்ளும், குறைந்தால் வாரிப் போடும். குஞ்சோ தானே முட்டையை உடைத்து, தானே மேட்டைத் தோண்டி வெளியே வந்து, புதருக்குள் ஒரே ஓட்டம். அப்பனாவது ஆத்தாளாவது!

"ஒண்ணாவது திரும்பிப் பாக்குமான்னு நானும் ஒவ்வொரு தடவையும் நிக்கறேன். ம்ஹூம்."

கூண்டின் முன்னால் இதையெல்லாம் எழுதிய பலகை இருக்கிறது. படிக்கிறவர்களில் ஒருவராவது தினமும், "முட்டையப் போட்டுட்டுப் போயிடுமா? இதெல்லாம் ஒரு தாயா?" என்று சொல்லாமல் போவதில்லை. மற்ற எதற்கும் வெடுக்கென்று பதில் சொல்கிறவள், இதற்கு மட்டும் குரலைத் தாழ்த்துவாள். "அந்த முட்டை எத்தத்தண்டின்னு பாத்திருக்கீங்களா? குஞ்சு தானா பொழைக்கறதுக்கு வேணுங்கறத எல்லாம் உள்ள வெச்சுக் குடுத்துட்டுத்தாங்க போகுது."

அவளுக்கும் ஒரு மகள். புருஷனோடு ஒத்துப்போகாமல் இவள் வீட்டைவிட்டு வந்தபோது பிள்ளைக்கு நாலு வயது. தங்க ஓர் அறை கிடைத்ததும் கூட்டிவரப் போனாள். "அப்பா காலக் கட்டிக்கிட்டு, வரமாட்டேன்னு ஒரே அழுகை. எப்பிடிப் பிச்சு எடுத்துட்டு வர்றது? நீங்களே சொல்லுங்க." புருஷனைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டாள். "நல்லாத்தான் வளத்திருக்காரு. இல்லேன்னு சொன்னா என் நாக்கு அழுகிப் போயிடும்." அப்புறம் அவர்கள் ஊர் மாறிப்போனார்கள். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் இவள் அனுப்பிய உடுப்புகள் அளவு சரியாக இருந்தனவா என்றுகூட இவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது மட்டும் அழுதுவிட்டாள்.

போன வாரம் கைப்பேசியில் மகளிடமிருந்து ஒரு வரி வந்தது: "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கட்டுமா?" அதை எனக்குக் குறைந்தது பத்துத் தடவை காட்டியிருப்பாள். "வீட்டுக்குன்னா தயங்கும்னு இங்கயே வரச் சொல்லிட்டேன். கதவத் தொறந்துட்டு வா, உள்ளதான் இருப்பேன்னு. வருமா? மனசு மாறிடுச்சுன்னா?"

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய்விட்டேன். சீருடையை இஸ்திரி போட்டிருந்தாள். வாரிய சருகையே திரும்பத் திரும்ப வாரினாள். பாதையில் எந்தச் செருப்புச் சத்தம் கேட்டாலும் வாருகோல் நின்றது. மதியமும் ஆயிற்று. "வேலை ஏதாவது இருந்திருக்கும்" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் வெளிக்கதவு கிறீச்சிட்டது. தோளில் துணிப்பை மாட்டிய ஒரு பெண். அதே அகன்ற நெற்றி, அதே தூக்கிய மோவாய். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கை கதவை விடவில்லை. திரும்பிவிடுவாளோ என்று எனக்குப் பகீரென்றது.

"உள்ள வரலாமா?"

பின்னாடி கதவைச் சாத்து என்ற அதட்டலுக்காக என் காது தானாகவே காத்திருந்தது. வாருகோல் கீழே விழுந்த சத்தம்தான் கேட்டது. வெளிக்கதவு ஆவென்று திறந்து கிடக்க, மேட்டுக்கோழிக்காரி ஓடிப்போய் உள்கதவை இரண்டு கையாலும் அகலத் திறந்து பிடித்தாள்.